கூசாத கை

தார்த்துவில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு.
தம்பியின் இரண்டு விரல்களில்
கம்பி வைத்த பட்டைகளை மாட்டுகிறார் டாக்டர் பில்வி.
"வலிக்காது" என்கிறார்.
"வலிச்சாலும் சரி" என்கிறான் தாவெத்.
முப்பத்தொரு வயது. சிரித்தால் பத்து குறையும்.
அந்தச் சிரிப்பை நம்பி
மூன்று பெண்களும் ஒரு கூட்டுறவு வங்கியும்
ஏமாந்திருக்கிறார்கள்.
நான் கணக்கில் சேர்த்தியில்லை.

மேசைமேல் நான்கு சீட்டுக்கட்டு.
இரண்டு, அள்ளிக் கொடுத்துவிட்டு
அடியோடு பிடுங்கும்.
இரண்டு, கிள்ளிக் கொடுக்கும். நிலைக்கும்.
எது எதுவென்று யாரும் சொல்லமாட்டார்கள்,
கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நூறு சீட்டு எடுத்தான்.
திரையில் கோடு
உறைந்த ஏரியாகக் கிடந்தது.
முடிவில் கேட்டார்கள்.
"இதுவும் இதுவும் மோசம்"
சரியாகக் காட்டினான்.
காட்டிய விரலாலேயே
அதிலிருந்து இன்னொன்று எடுத்தான்.

திருடக்கூடாது, ஏன்?
"பிடிச்சிடுவாங்க."
பிடிக்கவே மாட்டார்கள் என்றால்?
தாவெத் டாக்டரைப் பார்க்கிறான்,
கேள்வி எங்கே முடிகிறது என்று தேடுகிறவனைப் போல.
"அப்புறம் என்ன பிரச்சினை?"

எனக்கு ஆறு வயதில்
பக்கத்து வீட்டு ஹெல்வியின் சட்டைப்பையிலிருந்து
பித்தளைப் பொத்தான் ஒன்றை எடுத்தேன்.
அம்மா திட்டவில்லை.
ஒரு நொடி அவள் முகம்
கதவு சாத்தியதுபோல் மூடிக்கொண்டது.
அவ்வளவுதான்.
இன்றும் யார் கோட்டு தொங்கினாலும்
கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு கடக்கிறேன்.

அதே அம்மா. அதே முகம்.
அவனுக்காக ஆயிரம் முறை மூடித் திறந்தது.
அவனுக்கு அது வானிலை.
மழை வந்தால் உள்ளே போவான்,
விட்டால் வெளியே.

படத்தை வெளிச்சத்தில் பிடிக்கிறார் பில்வி.
நெற்றிக்குப் பின்னால், கண்களுக்குச் சற்று மேலே
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருமை.
"பயம் வருகிறது இவருக்கு,
சங்கடம்கூட வருகிறது.
வந்ததை அடுத்த முறைக்கென்று
முடிந்து வைக்கும் இடம்தான் இல்லை.
பெரியவரான பின் பட்ட காயமென்றால்
முன்பே முடிந்ததாவது மிஞ்சியிருக்கும்."

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வேண்டுமாம்,
ஒரே வீட்டில் வளர்ந்தவராக.
பட்டைகள் என் விரலுக்கு வந்தன.
பதினைந்தாவது சீட்டிலிருந்தே
அள்ளிக் கொடுக்கும் கட்டுப் பக்கம் போகும்போதெல்லாம்
விரல்நுனியில் ஈரம், கோட்டில் ஒரு மேடு.
எனக்கு எதுவும் தெரியாது அப்போது.
தெரியும் முன்பே கை கூசியது.

பட்டையைக் கழற்ற மறந்து
படிவத்தை நிரப்புகிறார் டாக்டர்.
"காயம் எந்த வயதில்?"
பதினாறு மாதம்.
"எப்படி?"
பனிச்சறுக்கு வண்டி. ஓத்தெப்பா பள்ளிக்குப் பின்னால் சரிவு.
கயிறு அறுந்துவிட்டது.

"அக்கா," என்கிறான் தாவெத், திரையைப் பார்த்தபடி,
"உன் கோடு ஏன் இப்படி எம்புது?"

கேலியில்லை. நாய்க்குட்டி எட்டிப்பார்ப்பதுபோல்
வெறும் ஆசை, தெரிந்துகொள்ள.

கயிறு அறுக்கவில்லை.
கையுறை ஒன்று விழுந்தது. சிவப்பு.
எடுக்கக் குனிந்தேன், கயிற்றை விட்டேன்.
வண்டி போய் பிர்ச் மரத்தில் மோதியது.
அவன் கொஞ்சம்தான் அழுதான். பிறகு தூங்கினான்.
எனக்கு அப்போது ஏழு வயது.
முப்பது வருடம் கழித்து
உரக்கச் சொன்னேன், மூன்று பேர் இருந்த அறையில்.

பில்வியின் பேனா நின்றது.
அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

தாவெத் யோசித்தான்.
நிஜமாகவே யோசித்தான், புருவம் சுருங்க.
"கையுறை கிடைச்சுதா?"
கிடைத்தது.
"சரி. காபி குடிக்கலாமா?"

அவனிடம் கோபம் இல்லை.
கோபம் இல்லாதவனிடம்
மன்னிப்பை எப்படிக் கேட்டு வாங்குவது?

எமயோகி ஆற்றுப் பாலத்தில் பனி வழுக்கியது.
விழுந்துவிடுவேன் என்று
என் கையைப் பிடித்துக்கொண்டான்.
அவன் உள்ளங்கை
உலர்ந்திருந்தது. இளஞ்சூடு.
என்னுடையது நனைந்திருந்தது,
அக்கரை வரைக்கும்.